மைசன் பாணி ரோஜா: பீங்கான் தட்டில் தீட்டுவது எப்படி?

ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் 1740 வாக்கில் 'ஜெர்மன் பூக்கள்' என்ற ஓவியப் பாணி வேரூன்றியது. அதற்கு முன் ஜப்பானிய, சீனப் பாத்திரங்களைப் பார்த்துக் கற்பனைப் பூக்களைத்தான் போட்டார்கள். புதிய பாணியில் தாவரவியல் படங்களைப் பார்த்து நிஜ ரோஜாவையும் டியூலிப்பையும் வரைந்தார்கள். பழக ஏற்றது ரோஜாதான்.

தேவையானவை: கிளேஸ் (கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சு) போட்ட வெள்ளைத் தட்டு, கிளேஸுக்கு மேல் தீட்டும் வர்ணப்பொடி (ரோஸ், பச்சை, பழுப்பு), கெட்டி டர்பன்டைன் எண்ணெய், கண்ணாடிப் பலகை, தட்டைக் கத்தி, ஒரு தட்டைத் தூரிகை, ஒரு கூர் தூரிகை. அக்ரிலிக் வேண்டாம், பிறகு தட்டைச் சுடும் சூளையில் எரிந்துவிடும்.

1. தட்டை ஸ்பிரிட்டால் துடையுங்கள். விரல் பிசுக்கு இருந்தால் வர்ணம் அங்கே பிடிக்காது.

2. கால் டீஸ்பூன் பொடியில் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, நறநறப்பு போகும்வரை கத்தியால் தேயுங்கள். பற்பசைப் பதம் சரி. வழிந்தால் எண்ணெய் கூடிவிட்டது, பொடி சேருங்கள்.

3. மெழுகுப் பென்சிலால் பூவின் உருவை லேசாகக் கோடிடுங்கள். சூட்டில் கோடு மறைந்துவிடும்.

4. தட்டைத் தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் ரோஸ் வர்ணம் எடுத்து, இதழுக்கு ஒரே இழுப்பு. ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் தானே வெளிறும். வெளிச்சம் படும் இடத்தை, காய்வதற்குள் சுத்தமான தூரிகையால் துடைத்தெடுங்கள். வெள்ளை வர்ணமே தேவையில்லை, தட்டின் வெள்ளையே போதும். அடர்த்தி வேண்டி ஒரேயடியாகத் தடிமனாக அப்பினால் சூட்டில் கொப்பளித்து உரியும். ஆரம்பத்தில் பலரும் கெடுப்பது இங்கேதான்.

5. சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சுடுங்கள். சரியான அளவுக்குப் பொடியோடு வரும் அட்டவணையைப் பாருங்கள். எண்ணெய்ப் புகை அடங்கும்வரை காற்றுத்துளை திறந்திருக்கட்டும். ரோஸ் நிறம் தங்கத்திலிருந்து வருவது (விலையும் அதனால்தான்). சூடு குறைந்தால் பழுப்படிக்கும், மிஞ்சினால் ஊதாப் பக்கம் போகும்.

6. ஆறியதும் நிழல், இலை, நரம்பு எல்லாம் இரண்டாம் பூச்சில் போட்டு, சற்றுக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுங்கள்.

தட்டில் கரும்புள்ளியோ ஊசித்துளையோ இருக்கிறதா? அதன்மேல் ஒரு வண்டு வரைந்துவிடுங்கள். மைசன் ஓவியர்கள் பூவைச் சுற்றிப் பூச்சிகளை இறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தீட்டிய தட்டில் சாப்பாடு பரிமாற வேண்டாம். சில வர்ணங்களில் ஈயம் இருக்கும்.