பெல்ட் அறுந்த பிறகு நாமே வளைக்கிற வால்வுகள்

டைமிங் பெல்ட் (பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒத்துச் சுழல வைக்கும் பெல்ட்) அறுந்த காரை வீட்டிலேயே பிரித்துப் பார்க்க இறங்குகிறவர்களைக் கவனித்தால், நான் அன்று அடித்த அதே கூத்தைத்தான் பலரும் அடிக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

மறுபடி செல்ஃப் அடிப்பது

வேண்டாம். ஒரு தடவைகூட.

கிராங்கை நேராக மார்க்குக்குத் திருப்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் காரில் வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது பெல்ட் அறுந்தது. வால்வுகள் தப்பியிருக்கவும் வாய்ப்பிருந்தது. புது பெல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கிராங்க் புல்லியில் நீளமான கைப்பிடியை மாட்டி, டாப் மார்க்கைத் தேடித் திருப்பினேன். பாதியில் இறுகியது. சிலிண்டரில் காற்று அமுங்கி எதிர்க்கிற கம்ப்ரஷன்தானே என்று உடம்பு எடையைப் போட்டு அழுத்தினேன். மெதுவாக ஒரு ‘டக்’. அப்புறம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மார்க் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு! பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தால் வண்டி உதறுகிறது. இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷனே இல்லை.

நடந்தது இதுதான். பெல்ட் போனதும் கேம் ஷாஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும், சில வால்வுகள் திறந்தபடி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இன்டர்ஃபியரன்ஸ் வகை எஞ்சினில் அந்த வால்வும் உச்சிக்கு வரும் பிஸ்டனும் ஒரே இடத்தில் மோதும். டாப் மார்க் என்பதே பிஸ்டன் உச்சியில் நிற்கிற நிலை. அங்கேதான் நான் தம் கட்டித் தள்ளியிருக்கிறேன்.

முதலில் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்போது கம்ப்ரஷன் குறுக்கே வராது, தடுப்பது எதுவாக இருந்தாலும் இரும்புதான். கம்ப்ரஷன் ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும், பிடித்துக்கொண்டே இருந்தால் மெல்ல இளகும். வால்வு சுவரில் முட்டின மாதிரி நிறுத்தும். நின்றால் விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னுக்கு வாருங்கள். வரிசையாக 4 சிலிண்டர் உள்ள எஞ்சினில் கிராங்கை டாப்புக்கு 90 டிகிரி முன்னால் நிறுத்தினால் நான்கு பிஸ்டன்களும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். அந்த நிலையில் கேமை மார்க்குக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாகத்தான் கிராங்க், அதுவும் அந்த 90 டிகிரி மட்டும்.

பெல்ட் மாட்டியதும் சாவியைத் திருப்புவது

கையால் கிராங்கை 2 முழுச் சுற்று சுற்றுங்கள். கேம் அப்போதுதான் ஒரு சுற்று முடிக்கும். மார்க்குகள் மறுபடி சேராவிட்டால் பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து மாட்டுங்கள்.

பெல்ட் இல்லாமல் கம்ப்ரஷன் பார்ப்பது

கேஜ் பூஜ்யம் காட்டியதும் பதறி ஹெட்டை, அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் எஞ்சினின் மேல்பகுதியை, கழற்றுகிறார்கள். வால்வு திறந்தே நின்றால் நல்ல எஞ்சினிலும் பூஜ்யம்தான் வரும். டைமிங் சேர்த்த பிறகு பாருங்கள். அப்போதும் ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தால், அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடியும் உச்சியில் நிறுத்திப் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் காதைக் கொடுங்கள். த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் பலமாக வந்தால் ரிங் அல்லது பிஸ்டன். எனக்கு த்ராட்டிலில்தான் கேட்டது. காற்றை ஏற்றும்போது பிஸ்டன் கீழே இறங்கி கிராங்கைச் சட்டென்று சுழற்றிவிடும், கைப்பிடியைப் புல்லியிலேயே விட்டுவைக்காதீர்கள்.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது

பெல்ட் ஏன் போனது என்று பாருங்கள். வாட்டர் பம்ப் இறுகியிருக்கலாம், டென்ஷனர் பேரிங் போயிருக்கலாம், ஆயில் சீல் கசிந்து பெல்ட் ஊறியிருக்கலாம். அதை விட்டுவைத்தால் புது பெல்ட்டுக்கும் அதே கதிதான்.

பழைய ஹெட் போல்ட்

ஹெட்டைக் கழற்றியிருந்தால் போல்ட்டைப் பாருங்கள். இறுக்கும்போதே நீண்டு இழுபடும் வகை என்றால் ஒரு தடவைதான். புதுசு வாங்குங்கள்.