கூடையில் தொங்கும் சாக்ரடீஸ்: கிரேக்க நகைச்சுவை நாடகத்தில் தத்துவவாதியை அடையாளம் காண்பது எப்படி?

கடன் தொல்லையால் தூக்கம் கெட்ட கிழவர் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்துக் கதவைத் தட்டுகிறார். உள்ளே மாணவர்கள் தரையைப் பார்த்துக் குனிந்து நிற்கிறார்கள். பூமிக்கு அடியில் இருப்பதை அவர்கள் ஆராய்கிறார்களாம். அந்த நேரத்தில் அவர்களுடைய பின்புறம் தனியாக வானசாஸ்திரம் கற்கிறதாம். தலைக்கு மேலே ஒரு கூடை தொங்குகிறது. கூடைக்குள் சாக்ரடீஸ். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "காற்றில் நடக்கிறேன், சூரியனைப் பற்றிச் சிந்திக்கிறேன்" என்கிறார்.

அரிஸ்டோபனிஸ் எழுதிய 'மேகங்கள்' நாடகத்தின் காட்சி இது. புதிதாகப் படிக்க வருபவர்கள் இந்த இடத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் "அத்தனையும் அவதூறு" என்று புத்தகத்தை மூடுகிறார்கள். மற்றவர்கள் "சீடர் பிளேட்டோ மறைத்த உண்மையான சாக்ரடீஸ் இவர்தான்" என்று துள்ளிக் குதிக்கிறார்கள். இரண்டுமே அவசரம். ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இந்தக் கூடையை நிதானமாகக் கீழே இறக்கிப் பார்க்கலாம்.

படி 1: முதலில் கதையை மட்டும் படியுங்கள்

அடிக்குறிப்புகளைத் தொடாமல் ஒரே மூச்சில் படியுங்கள். கதை எளிது. ஸ்ட்ரெப்சியாடிஸ் நாட்டுப்புறத்து விவசாயி. பெரிய இடத்துப் பெண்ணை மணந்தவர். மகன் ஃபைடிப்பிடிஸுக்குக் குதிரைப் பைத்தியம். குதிரைக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. நியாயமில்லாத வழக்கையும் வாதாடி வெல்லும் வித்தையைச் சாக்ரடீஸின் 'சிந்தனைக்கூடம்' கற்றுத்தருகிறது என்று கேள்விப்பட்டு அங்கே போகிறார். கிழவருக்குப் பாடம் ஏறவில்லை, மகனை அனுப்புகிறார். மகன் நன்றாகவே கற்றுக்கொண்டு வந்து அப்பாவை அடிக்கிறான், அடித்தது நியாயம்தான் என்று நிரூபிக்கவும் செய்கிறான். கிழவர் சிந்தனைக்கூடத்துக்குத் தீ வைக்கிறார்.

எங்கே சிரித்தீர்களோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அது போதும்.

படி 2: எந்த மேடை, எந்த ஆண்டு?

நாடகம் ஏதென்ஸில் டயோனிசியா விழாப் போட்டியில் கி.மு. 423இல் அரங்கேறியது, மூன்றாம் இடம்தான் கிடைத்தது. முதலிடம் மூத்த கவிஞர் கிரேட்டினஸுக்கு. இரண்டாமிடம் பெற்ற அமெய்ப்சியாஸின் நாடகத்துக்குப் பெயர் 'கொன்னோஸ்'. கொன்னோஸ் சாக்ரடீஸின் இசை ஆசிரியர் என்று பிளேட்டோ சொல்கிறார். ஒரே விழாவில் இரண்டு நாடகங்கள் அந்த வட்டாரத்தையே சுற்றி வந்திருக்கின்றன என்றால், அந்த ஆண்டு ஊர்வாயில் சாக்ரடீஸ் அகப்பட்டிருந்தார் என்று பொருள்.

இத்தகைய விழாக்களில் ஊரறிந்தவர்களைப் பெயர் சொல்லியே கேலி செய்யலாம். முந்தைய ஆண்டில் இதே கவிஞர் 'குதிரை வீரர்கள்' நாடகத்தில் அரசியல்வாதி கிளியோனைக் கிழித்துத் தோரணம் கட்டினார். முதல் பரிசு கொடுத்த அதே ஏதென்ஸ், சில வாரங்களில் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது! ஆகவே கூட்டம் சிரித்தது என்பதற்காக, கேலிக்கு ஆளானவரை ஊர் கைவிட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. நம் கையில் இருப்பது 423இல் மேடையேறிய பிரதி அல்ல. தோல்வியால் மனம் நொந்த கவிஞர் பிற்பாடு திருத்தத் தொடங்கிய பிரதி, அது மேடையேறவில்லை. கவிஞர் பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசும் பகுதி, நியாய வாதமும் அநியாய வாதமும் மோதும் காட்சி, சிந்தனைக்கூடம் எரியும் முடிவு ஆகியவை புதிதாக எழுதப்பட்டவை என்று பழைய முன்னுரைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்தத் தீயை வைத்து "ஏதென்ஸ் மக்கள் அன்றே அவரை எரிக்கத் துடித்தார்கள்" என்று முடிவுகட்டுபவர்கள் இந்தக் குறிப்பைப் படித்திருக்க மாட்டார்கள்.

படி 3: ஒவ்வொரு நகைச்சுவையும் யாருடைய சொத்து?

வேலையில் பெரும்பகுதி இதுதான். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். கோடு போட்ட இடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதப் பாருங்கள்.

செருப்பில்லாத கால்கள். இதற்குச் சாக்ரடீஸ் என்றே எழுதலாம். அவரைக் கொண்டாடும் பிளேட்டோவும் பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நடந்தவர் என்கிறார். அரிஸ்டோபனிஸ் பின்னர் 'பறவைகள்' நாடகத்தில் அவரைக் குளிக்காதவர் என்கிறார். அரிஸ்டோபனிஸின் போட்டிக் கவிஞர் யூபோலிஸ் சாக்ரடீஸை, எல்லாவற்றையும் யோசித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வழி யோசிக்காத ஏழை வாயாடி என்று திட்டுகிறார். நண்பரும் கேலிக்காரர்களும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை நம்பலாம்.

வெளிறிய முகம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சாக்ரடீஸ் மூன்று போர்க்களங்களைப் பார்த்தவர். பகலெல்லாம் சந்தையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் திரிந்தவர். அவருக்கு ஏது வெளிறிய முகம்? வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அறிவாளிக்கு மேடை வைத்திருந்த பொது முகமூடி இது. இதற்கு எதிரே 'யாருமில்லை' என்று எழுதுங்கள்.

கூடை. உயரத்தில் தொங்குவதற்கு அவர் சொல்லும் காரணம், தரையில் இருந்தால் மண் சிந்தனையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பது. காற்றே அறிவு, ஈரம் அறிவைக் கெடுக்கும் என்றவர் அப்பலோனியா ஊர் டயோஜினிஸ். (பீப்பாயில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் டயோஜினிஸ் வேறு ஆள். நானும் முதலில் குழம்பினேன்.)

சேவலும் கோழியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறாயே என்று சாக்ரடீஸ் கிழவரைத் திருத்துகிறார். பெயர்ச்சொற்களைப் பால்வாரியாகப் பிரித்தவர் புரோட்டகோரஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். வலுவற்ற வாதத்தை வலுவாக்கும் வித்தையும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதே. கட்டணம் வாங்கிப் பாடம் சொன்னவரும் அவர்தான்.

நாடகத்தில் கடவுள்களின் அரசன் ஸீயஸை விரட்டிவிட்டு அரியணையேறிய 'சுழல்' இயற்கை ஆராய்ச்சியாளர்களின் சரக்கு. இதன் சிலேடை மொழிபெயர்ப்பில் செத்துவிடும். சுழலுக்குக் கிரேக்கத்தில் டீனோஸ். அது ஸீயஸ் பெயரின் ஒரு வடிவத்தைப் போல ஒலிக்கும். ஒரு வகை மண்பானைக்கும் அதே பெயர். கடைசியில் கிழவர் பானையைப் பார்த்து, உன்னைப் போய்க் கடவுள் என்று நினைத்தேனே என்று புலம்புவது இதனால்தான்.

தெள்ளுப்பூச்சி தன் காலால் எத்தனை அடி தாவியது என்று மெழுகில் அதன் காலைத் தோய்த்து அளக்கிறார்களே, அது? நாடகக்காரரின் சொந்தச் சரக்கு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது ஊரில் ஒட்டிக்கொண்டது. சாக்ரடீஸின் இன்னொரு சீடர் செனபோன் எழுதிய விருந்து ஒன்றில் ஒருவன் சாக்ரடீஸிடம், நான் உங்களிடமிருந்து எத்தனை தெள்ளுப்பூச்சி அடி தூரம் என்று சீண்டுகிறான்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். உடம்பு சாக்ரடீஸுடையது, வாயில் வரும் கருத்துகளில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. ஊரெல்லாம் அறிந்த ஒரே முகத்தில் அந்தக் காலத்துப் புதுப் படிப்பு அத்தனையையும் ஏற்றிவிட்டார் கவிஞர். வெளியூர்களிலிருந்து வந்து போகும் ஆசிரியர்களை விட, தினமும் சந்தையில் பார்க்கும் உள்ளூர்க்காரர்தானே மேடைக்கு வசதி?

எல்லாவற்றுக்கும் பெயர் கிடைக்காது. கதவை ஓங்கித் தட்டியதால் ஒரு யோசனை கருக்கலைந்துவிட்டது என்று மாணவன் கோபிக்கும் இடம் ஒன்று உண்டு. சாக்ரடீஸ் தன்னை எண்ணங்களின் மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்வதாகப் பிளேட்டோ பிற்பாடு எழுதினார். தொடர்பு உண்டா என்று அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். ஒரே ஒரு வரி என்பதால் நான் கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டேன்.

படி 4: வசனம் யார் வாயில்?

'வெளிறிய முகக்காரர்கள், செருப்பில்லாதவர்கள்' என்று முதலில் ஏசுபவன் அப்பன் காசில் குதிரை வாங்கும் ஃபைடிப்பிடிஸ். சிந்தனைக்கூடத்துக்குப் போகும் கிழவரோ வாங்கிய கடனை ஏமாற்றப் போகிறவர். இறுதியில் நாடகத்தின் பாடகர் குழுவாக வரும் மேகங்களே அவரிடம், கெட்டதில் ஆசை வைப்பவனை அது கஷ்டத்தில் தள்ளும்வரை நாங்கள் இழுத்துச் செல்வோம் என்கின்றன. அடி வாத்தியாருக்கு மட்டுமல்ல, அவரிடம் குறுக்குவழி கேட்டு வந்தவருக்கும் விழுகிறது. மேடையில் திட்டுபவரைக் கவிஞரின் குரல் என்று எடுத்துக்கொள்வதுதான் தொடக்கநிலை வாசகர் செய்யும் பெரிய பிழை.

படி 5: பின்கதையைத் தனியாக வையுங்கள்

24 ஆண்டுகள் கழித்து, கி.மு. 399இல் சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் நின்றார். பிளேட்டோ எழுதிய தற்காப்புரையில் அவர், இன்று குற்றம் சாட்டுபவர்களை விடப் பழைய குற்றச்சாட்டாளர்களுக்கே அதிகம் அஞ்சுகிறேன் என்கிறார்; காற்றில் நடப்பதாகச் சொல்லும் மேடைச் சாக்ரடீஸையும் பெயரிட்டே குறிப்பிடுகிறார். அதே பிளேட்டோ, கி.மு. 416இல் நடந்ததாகக் காட்டும் விருந்தில் அரிஸ்டோபனிஸையும் சாக்ரடீஸையும் விடியும்வரை ஒன்றாகக் குடிக்க வைக்கிறார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். நாடகம்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேறு பல காரணங்களால் அவர்மீது கோபம் கொண்டவர்களுக்கு எளிதில் நினைவில் நிற்கும் ஒரு படத்தை அது கொடுத்துவிட்டது.

நாடகத்தின்போது சாக்ரடீஸ் எழுந்து நின்று தன் முகத்தை எல்லோருக்கும் காட்டினார் என்ற கதை இணையத்தில் அடிக்கடி வரும். அதைச் சொல்லும் ஈலியன் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். அழகான கதை, சான்றாக வைக்காதீர்கள்.

படி 6: நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த நூற்றாண்டுக்கு வாருங்கள். எபிகிரேட்டிஸ் என்ற நகைச்சுவைக் கவிஞரின் ஒரு துண்டு பிற்கால எழுத்தாளர் அத்தேனியஸின் நூலில் மேற்கோளாகப் பிழைத்திருக்கிறது. பிளேட்டோவின் மாணவர்கள் ஒரு காயை வகைப்படுத்துகிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது பரங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்துக் காயான அது அன்றைய ஏதென்ஸில் ஏது? சுரைக்காய் என்று கொள்வதே பொருத்தம். 'ஏட்டுச் சுரைக்காய்' நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

மாணவர்கள் குனிந்து நெடுநேரம் மௌனமாக யோசிக்கிறார்கள். ஒருவன் உருண்டையான காய் என்கிறான், இன்னொருவன் புல் என்கிறான், மூன்றாமவன் மரம் என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த சிசிலி நாட்டு வைத்தியர் ஒருவர், உளறல் என்று காட்டக் குசு விடுகிறார். பையன்கள் சட்டை செய்யவில்லை.

மூன்று கேள்விகளை எழுதுங்கள். குனிந்த மாணவர்களை இதற்கு முன் எங்கே பார்த்தீர்கள்? வகை பிரித்து வரையறுக்கும் முறை பிளேட்டோவின் உரையாடல்களில் உண்மையிலேயே இருக்கிறதா? வைத்தியரின் செயலுக்குப் பிளேட்டோ எப்படி நடந்துகொள்வதாகக் கவிஞர் காட்டுகிறார்?

மூன்றாவதற்கு மட்டும் விடையைச் சொல்லிவிடுகிறேன். கோபமே படாமல், மிகவும் சாந்தமாக, சுரைக்காய் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று முதலிலிருந்து மறுபடியும் வரையறுக்கச் சொல்கிறார். அவர்களும் பிரிக்கத் தொடங்குகிறார்கள்.