ஏர் ரைபிள் ஸ்கோப் மவுண்ட்: அனோடைசிங்குக்கு அனுப்பும் முன்

அனோடைசிங் என்பது ஒரு வகைக் கருப்புப் பெயின்ட் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். பெயின்ட் மேலே உட்கார்ந்து கீறலை மறைக்கும். இதுவோ அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுவது. அடியில் இருக்கும் கீறலும் கைரேகையும் அப்படியே தெரியும். ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து நிறுத்தும் என் முதல் மவுண்டில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது.

முதலில் உலோகம் எது என்று பாருங்கள். 6061 என்ற அலுமினியக் கலவை என்றால் கவலையில்லை, சாயம் நன்றாகப் பிடிக்கும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம் என்பதால் சாம்பல் திட்டுகள்தான் மிஞ்சும். அதற்குச் செராமிக் கோட்டிங் மேல்.

அப்புறம் மவுண்டை முழுதாகக் கழற்றுங்கள். ஒரு எஃகு ஸ்க்ரூகூட உள்ளே இருக்கக் கூடாது. அனோடைசிங் தொட்டியில் இருப்பது கந்தக அமிலம். எஃகை அது அரித்துவிடும், பக்கத்து அலுமினியமும் கெடும்.

கூரான விளிம்புகளைச் சின்ன அரத்தால் லேசாக மழுக்குங்கள். ஆக்சைடுப் படலம் மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால் கூர்முனையில் வெடிப்பு விழும். பிறகு உப்புத்தாள், சொரசொரப்பு எண் வரிசையில்: 240, 320, 400, 600. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காகத் தேய்த்தால் பழைய கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். பொறுமை இல்லாதவர்கள் கண்ணாடி மணி பிளாஸ்டிங் (நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது) கொடுக்கலாம், மேட் பூச்சு அழகாக வரும். ஆனால் இரும்பில் அடித்த மணிகளை இதில் அடிக்க விடாதீர்கள். இரும்புத் துகள் பதிந்து புள்ளி புள்ளியாகிவிடும்.

ஸ்க்ரூ மரைதான் பலர் கோட்டை விடும் இடம். தடித்த படலம் தரும் கடின அனோடைசிங்கில் படலம் 50 மைக்ரான் என்றால் ஏறத்தாழ 25 மைக்ரான் வெளிப்பக்கம் வளரும். 60 பாகை உள்மரையில் பிட்ச் விட்டம் (மரையின் பல்லும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் குறையும். ஸ்க்ரூ ஏறாது. மரைத் துளைகளைச் சிலிக்கோன் ரப்பர் அடைப்பான் வைத்து மூடப் பட்டறையில் சொல்லுங்கள்.

எண்ணெய் நீக்க, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அசிட்டோனால் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். இதற்குப் பின் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் மறுபடியும் சோப்பிலிருந்து தொடங்குங்கள்.

மேற்பரப்பை லேசாக அரித்துச் சுத்தமாக்கும் காஸ்டிக் சோடாக் குளியலையும், அது விட்டுச்செல்லும் கரும்படிவை நைட்ரிக் அமிலத்தில் கழுவுவதையும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். காஸ்டிக் அலுமினியத்தைத் தொட்டால் தீப்பற்றும் ஹைட்ரஜன் வரும், வீட்டுச் சமையலறை அதற்கான இடமில்லை.

கொடுக்கும்போது இன்னொன்று. மின்சாரம் பாய மவுண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். கம்பி தொட்ட இடத்தில் படலம் வராது. ரைபிளோடு ஒட்டும் அடிப்பக்கத்தைக் காட்டி, அங்கே கட்டச் சொல்லுங்கள்.