சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை: நாமே நடத்தும் முறை

அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசர் திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்த நாள் சித்திரைச் சதயம். எங்கள் தெருவில் பதினோரு வருஷமாக அன்று குருபூசை நடத்துகிறோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது உதவும்.

முதலில் நாளைச் சரியாகப் பிடியுங்கள். ஆங்கிலத் தேதி இதற்கு உதவாது, தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு. ஒரு வருஷம் முந்தைய வருஷத் தேதியையே நோட்டீஸில் போட்டுவிட்டு, அத்தனையையும் திரும்ப அடித்தேன். நட்சத்திரச் சுற்று சுமார் 27 நாள் என்பதால், சில வருஷம் ஒரே மாதத்தில் சதயம் இரண்டு தடவை வரும். அப்போது பக்கத்துச் சிவன் கோயிலில் எதை வைத்துக்கொள்கிறார்களோ அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம், மாலை, விளக்கு எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தண்ணீர்ப் பந்தல். திங்களூர் அப்பூதியடிகள் அப்பரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். சித்திரை வெயிலில் அப்பருக்கு இதைவிட நல்ல பூசை எனக்குத் தெரியவில்லை.

மண்பானையை இரண்டு நாள் முன்பே வாங்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மண்வாடை தூக்கலாக இருக்கும். மணலைக் குவித்து நனைத்து, அதன்மேல் பானையை வைத்தால் உச்சி வெயிலிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். ஒரு பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். ஆளாளுக்குப் பானைக்குள் டம்ளரை விடக் கூடாது. நீளக் காம்பு அகப்பையால் மொண்டு ஊற்ற ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். கீற்று நிழல் பானைக்கு மட்டும் போதாது, குடிக்க வருகிறவர் தலைக்கும் வேண்டும்.

காலையில் உழவாரப் பணி, அதாவது புல் செதுக்கும் உழவாரத்தால் கோயிலைச் சுத்தம் செய்வது. திருப்புகலூரில் புல் செதுக்கும்போது பொன்னும் மணியும் கிடக்க, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் குளத்தில் எறிந்தார் அப்பர். அந்தக் கருவியை அவர் நாளில் நாம் தொடாமல் இருக்கலாமா? கோயிலில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பிராகாரத்தில் நெருஞ்சியையும் புல்லையும் செதுக்கலாம். ஆனால் மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் நெகிழ்ந்துவிடும். அதை நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். கல்வெட்டு இருக்கும் சுவரில் கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் ஆகவே ஆகாது. எழுத்து போனால் போனதுதான்.

சாயங்காலம் பதிகம். ‘எண்ணுகேன் என்சொல்லி’ என்று தொடங்கும் திருப்புகலூர்த் திருத்தாண்டகத்தைப் பாடுங்கள். ‘உன்னடிக்கே போதுகின்றேன்’ என்று பாட்டுக்குப் பாட்டு அவர் விடைபெறும் பதிகம் அது. ஓதுவார் கிடைக்காவிட்டால் பண் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி, எல்லோருமாக நிதானமாகப் படித்தாலே போதும். அப்புறம் வந்தவர்களுக்குச் சாப்பாடு. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, நீர்மோர் என்று எளிமையாக வையுங்கள்.

மறுநாளே பந்தலைப் பிரித்துவிடாதீர்கள். வைகாசி மூலம் வரை இருக்கட்டும். அது சம்பந்தர் குருபூசை நாள், நாவுக்கரசரை ‘அப்பரே’ என்று முதலில் அழைத்த பிள்ளையின் நாள். அதுவரை தினமும் பானையில் தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒருவர் என்று முறை போட்டு, தாளைப் பந்தக்காலிலேயே கட்டிவிடுங்கள்.