அமெரிக்க மருத்துவக் கல்லூரியும் கெமிஸ்ட்ரி கணக்கும்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் பொதுவாக நான்கு வருடக் கல்லூரிப் பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரியில் சேர்வார்கள். அதற்குச் சில பாடங்களை முன்பே முடித்திருக்க வேண்டும், அவற்றில் ஒன்று கெமிஸ்ட்ரி. என் அக்கா மகள் பள்ளியிலேயே ஏ.பி. கெமிஸ்ட்ரி (பள்ளியில் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) எழுதி, உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியவள். அவள் சேர்ந்த கல்லூரி அதைப் பார்த்து முதல் வருட ஜெனரல் கெமிஸ்ட்ரி முழுவதையும் முடித்ததாகக் கணக்கிட்டுக் கிரெடிட் கொடுத்துவிட்டது. நேராக ஆர்கானிக் வகுப்பில் போய் உட்கார்ந்தாள், அதிலும் ஏ. மூன்றாம் வருடம் மருத்துவக் கல்லூரிகளின் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு கல்லூரி ஏ.பி.யை அப்படியே ஏற்கிறது. இன்னொன்று, ஏ.பி. இருந்தால் சரி, ஆனால் அதற்கு ஈடாக அப்பர் லெவல் கெமிஸ்ட்ரி பாடம் ஒன்றைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது கல்லூரி ஏ.பி.யை ஏற்பதே இல்லை. கடைசி வருடத்தில் அனலிட்டிகல் கெமிஸ்ட்ரியை லேபோடு எடுத்து ஒருவழியாகச் சமாளித்தாள்.

இதில் அவள் படிப்பில் ஒரு குறையும் இல்லை. படிக்கிற கல்லூரி கொடுக்கும் கிரெடிட் பட்டம் வாங்குவதற்கானது. மருத்துவக் கல்லூரி தன் கணக்கைத் தனியாகப் போடும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவதில்தான் கெமிஸ்ட்ரி தொடர்பான தவறுகள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

ஏ.பி. வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) அந்தப் பாடத்தின் பெயரும் கிரெடிட் எண்ணிக்கையும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா? ‘தேர்வு மூலம் விலக்கு’ என்று மட்டும் இருந்தால், ஏ.பி.யை ஏற்கும் கல்லூரியிலும் அது செல்லாமல் போகலாம்.

மருத்துவக் கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது எது என்று பார்ப்போம். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர் லேபோடு, ஆர்கானிக் இரண்டு செமஸ்டர் லேபோடு. இதுதான் பழைய வழக்கம். இப்போது பல கல்லூரிகள் பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர் கேட்கின்றன. சில கல்லூரிகள் இரண்டாம் செமஸ்டர் ஆர்கானிக்குக்குப் பதிலாகப் பயோகெமை ஏற்கும், சில ஏற்காது. ‘மொத்தத்தில் இதுதான் விதி’ என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் ஏதோ ஒரு கல்லூரியின் விதியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் பெயரைப் பார்த்து ஏமாறுவது அடுத்த தவறு. ‘இன்ட்ரடக்டரி கெமிஸ்ட்ரி’ என்று ஒரு பாடம் இருக்கும். பல இடங்களில் அது ஜெனரல் கெமிஸ்ட்ரிக்குத் தயார்ப்படுத்தும் படி மட்டுமே. அதேபோல் ஜெனரல், ஆர்கானிக், பயலாஜிக்கல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் பாடம் ஒன்று நர்சிங் போன்ற படிப்புகளுக்காக நடக்கும். கேட்பதற்கு மூன்று விதியும் ஒரே அடியில் முடிந்துவிட்டது போலத் தோன்றும். மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்ப்பது அறிவியலை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்த மாணவர்கள் படிக்கும் வரிசையை. பாட விவரத்தில் ‘மேஜர் அல்லாதவர்களுக்கு’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அங்கேயே நின்று அட்வைசரிடம் கேட்டுவிடுங்கள்.

லேபை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பல கல்லூரிகளில் வகுப்புக்கு ஒரு எண், லேபுக்கு வேறு எண். டைம்டேபிள் இடிக்கிறது என்று லேபைத் தள்ளிப்போட்டவர்கள் அப்புறம் அதற்குத் திரும்புவதே இல்லை. ஆன்லைன் லேப் இன்னொரு வம்பு. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பல மருத்துவக் கல்லூரிகள் இதில் விட்டுக்கொடுத்தன என்பது உண்மை. அந்தச் சலுகை இன்றைக்கும் இருக்கிறது என்று நினைத்துப் பதிவு செய்துவிடாதீர்கள். பாஸ் அல்லது ஃபெயில் என்று மட்டும் மதிப்பிடும் முறையும் அப்படித்தான். இந்தப் பாடங்களுக்குப் பொதுவாக எழுத்துக் கிரேடைத்தான் கேட்பார்கள்.

குவார்ட்டர் முறையில் (படிப்பு வருடத்தை இரண்டு செமஸ்டருக்குப் பதில் மூன்று பருவமாகப் பிரிப்பது) படிப்பவர்களுக்குச் சின்னக் கணக்கு. ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 8 செமஸ்டர் கிரெடிட் கேட்கும் இடத்தில் 12 குவார்ட்டர் கிரெடிட் வேண்டும். அதாவது மூன்று குவார்ட்டர் தொடரில் இரண்டை முடித்துவிட்டு ‘ஒரு வருடம் முடிந்தது’ என்று எழுத முடியாது.

இனி நேரம். எல்லாவற்றையும்விட இதில்தான் அடி பலமாக விழுகிறது. கெமிஸ்ட்ரி பாடங்கள் படிக்கட்டு மாதிரி. ஒன்றில் ஏறாமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது. ஜெனரல் இரண்டு, ஆர்கானிக் இரண்டு, பயோகெம் ஒன்று, ஆக ஐந்து செமஸ்டர். முதல் வருட இலையுதிர் பருவத்தில் தொடங்கினால் மூன்றாம் வருட இலையுதிர் பருவத்தில் பயோகெம் முடியும். அடுத்து வரும் வசந்தத்தில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி, மே கடைசி அல்லது ஜூனில் விண்ணப்பத்தை அனுப்பலாம். பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே இடைவெளி ஆண்டு எடுக்காமல் போக நினைப்பவருக்கு இந்தக் கணக்கில் மூச்சு விட இடமே இல்லை. ‘முதல் செமஸ்டர் லேசாகப் போகட்டும், கெமிஸ்ட்ரியை அப்புறம் பார்ப்போம்’ என்று விட்டால், ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதி இலையுதிர் பருவத்தில் மட்டும் நடக்கும் கல்லூரியில் ஒரு முழு வருடம் போய்விடும். தப்பில்லை, இடைவெளி ஆண்டு எடுப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அது நீங்களாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

எம்கேட்டை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. 2015இல் அந்தத் தேர்வு மாறியபோது பயோகெமின் எடை கூடியது, ஆர்கானிக்கின் எடை குறைந்தது. வேதியியல், இயற்பியல் அடித்தளங்களைச் சோதிக்கும் பகுதியில் 59 கேள்விகள். அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஜெனரல் கெமிஸ்ட்ரி, 25 பயோகெம், 15 ஆர்கானிக். உயிரியல் பகுதியிலும் இன்னொரு 25 விழுக்காடு பயோகெம்தான். ஆகவே ‘நான் விண்ணப்பிக்கும் கல்லூரிகளில் பயோகெம் கட்டாயமில்லை’ என்று சந்தோஷப்பட்டு அதை விடுவது நல்ல சிக்கனம் இல்லை. கால்குலேட்டரும் கிடையாது, லாகரிதம் போட்டு பி.எச். மதிப்பைக் கையால் கணிக்கத் தெரிய வேண்டும்.

இதற்கு நேர்மாறான பயமும் சிலருக்கு இருக்கிறது. விண்ணப்பம் அனுப்பும் நாளுக்குள் எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்து, ஒரே செமஸ்டரில் ஆர்கானிக், பிசிக்ஸ் எல்லாவற்றையும் திணித்துக்கொள்கிறார்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் சேர்வதற்கு முன் முடித்தால் போதும். இனி எடுக்கப்போகும் பாடங்களை விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம். குறிப்பிட்டால் அதை எடுத்தே ஆக வேண்டும். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் வசந்தத்தில் அந்தப் பாடத்தைக் கைவிட்டால், கிடைத்த இடமே கேள்விக்குறியாகும்.

கிரேடு விஷயத்தில் பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே ஏமாறுவது திரும்ப எடுக்கும் பாடத்தில். பட்டப்படிப்புக் கல்லூரிகள் பல, இரண்டாவது தடவை வாங்கிய கிரேடை வைத்துப் பழையதை அழித்துவிடும். ஆம்காஸ் அப்படிச் செய்யாது. எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவை பயன்படுத்தும் அந்தப் பொது விண்ணப்பச் சேவை இரண்டு கிரேடையும் எண்ணும். 4 கிரெடிட் ஆர்கானிக்கில் முதலில் டி (1 புள்ளி), பிறகு ஏ (4 புள்ளி) என்றால், உங்கள் கல்லூரி கணக்கில் 4.0, ஆம்காஸ் கணக்கில் அந்த இரண்டுக்கும் சராசரி 2.5. டி.ஓ. என்ற இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான சேவை முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டது. 2017இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய ஆலோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நம்ப வேண்டாம். சி மைனஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: பல மருத்துவக் கல்லூரிகள் சி கிரேடுக்குக் கீழே இருந்தால் பாடம் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளாது. அங்கே திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. பி வாங்கியவர் அதையே திரும்ப எடுப்பது வீண் வேலை. அந்த நேரத்தில் பயோகெமில் ஏ வாங்குங்கள்.

கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) ஆர்கானிக்கை முடித்துவிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜிலேயே படிப்பைத் தொடங்கி, பிறகு நான்கு வருடக் கல்லூரிக்கு மாறியவர்கள் வேறு. அவர்கள் கதை விண்ணப்பத்திலேயே தெளிவாகத் தெரியும். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கஷ்டமான பாடத்தை மட்டும் வெளியே போய் எடுத்தால், தப்பித்து ஓடியது போலத் தெரியும் என்பது என் கருத்து. எட்டு வாரத்தில் ஆர்கானிக் படிப்பது எளிது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. எங்கே எடுத்தாலும் சரி, அந்த டிரான்ஸ்கிரிப்டை ஆம்காஸுக்கு அனுப்பியாக வேண்டும். பள்ளிக் காலத்தில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரே ஒரு வகுப்புக்கும் இது பொருந்தும்.

பொறியியல் மாணவர்கள் கவனிக்க: ஆம்காஸ் வகைப்பாட்டில் பயோகெமிஸ்ட்ரி வேதியியலுக்குள் வரும், கெமிக்கல் இன்ஜினியரிங் பாடங்கள் பொறியியலுக்குள் போகும். அறிவியல் சராசரியில் பொறியியல் சேராது.

வெளிநாட்டில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு இது மனக்கசப்பான செய்தி. வெளிநாட்டுப் பாடங்களை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை, சராசரியிலும் சேர்ப்பதில்லை. பல மருத்துவக் கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன. ஆர்கானிக்கில் கரை கண்டவராக இருந்தாலும் திரும்ப வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். பட்டம் வாங்கிப் பல வருடம் ஆனவர்களும், பாடங்களுக்குக் காலாவதி வைத்திருக்கும் கல்லூரி எது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு போல, குறிப்பிட்ட பாடங்களைக் கட்டாயமாக்காத கல்லூரிகளும் இருக்கின்றன. பாடப் பட்டியலைவிட மாணவரின் திறனைப் பாருங்கள் என்ற பேச்சு 2009இல் வெளிவந்த ஏ.ஏ.எம்.சி. (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம்) அறிக்கைக்குப் பிறகு வலுத்தது. ஆனால் யாரும் அப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பிப்பதில்லை. உங்கள் பட்டியலில் மிகக் கடுமையான விதி யாருடையதோ, அதற்குத்தான் திட்டமிட வேண்டும்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஏ.ஏ.எம்.சி. நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற இணையத் தொகுப்பில் தொடங்கலாம், பிறகு ஒவ்வொரு கல்லூரியின் சொந்தப் பக்கத்தையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், அல்லது உங்கள் பாடம் எந்தப் பெட்டியிலும் அடங்காவிட்டால், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ‘என் கெமிஸ்ட்ரி போதுமா?’ என்று கேட்டால் ‘இணையதளத்தைப் பார்க்கவும்’ என்றுதான் பதில் வரும். பாட எண், கிரெடிட், லேப் உண்டா இல்லையா, பாடத்திட்ட இணைப்பு எல்லாவற்றையும் வைத்து, இந்த ஒரு பாடம் உங்கள் இந்த விதிக்குச் செல்லுமா என்று கேளுங்கள். பதில் வந்ததும் அழிக்காமல் சேமித்து வையுங்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் வேறொருவராக இருந்தால் எடுத்துக் காட்ட அது வேண்டும்.