வீட்டு சாப்பாட்டுலயே வெயிட் குறைக்கிறது எப்படி

டயட்னு முடிவு பண்ணவுடனே நம்மாளுங்க முதல்ல பண்றது சூப்பர் மார்க்கெட் போறது. ஓட்ஸ், சியா விதை, கிரீன் டீ, பிரவுன் பிரெட்னு வாங்கிட்டு வந்து ஒரு வாரம் வண்டி ஓடும், அப்புறம் ஒரு நாள் வீட்டுல வத்தக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததும் எல்லாம் முடிஞ்சுரும். சியா விதை பாக்கெட் மட்டும் ஃப்ரிட்ஜ் கதவுல வருஷக்கணக்கா கெடக்கும்.

அதனால இங்க சொல்லப் போறது எல்லாம் உங்க வீட்டு அடுப்புல இப்ப என்ன வேகுதோ அதையே வச்சு பண்றதுதான். ஒருத்தருக்காக தினமும் தனி சமையல் எந்த வீட்டுலயும் ரொம்ப நாள் தாங்காது, சமைக்கிறவங்களுக்கும் கடுப்பாகும்.

முதல்ல குறைக்கணுமான்னு பாத்துக்கோங்க. எடையை கிலோல எடுத்து, உயரத்தை மீட்டர்ல வச்சு ரெண்டு தடவை வகுத்தா வர்றது பிஎம்ஐ. 160 செ.மீ உயரம், 64 கிலோன்னா 25 வரும். உலகப் பொதுக் கணக்குல 25லதான் அதிக எடைனு ஆரம்பிக்கும், நம்ம ஊர் உடம்புக்கு 23 தாண்டுனாலே அதிகம், 25னா உடல் பருமன்னே டாக்டர்ங்க கணக்கு வச்சிருக்காங்க. ஏன்னா நமக்கு கொழுப்பு வயித்துலதான் போய் உக்காரும், கை கால் ஒல்லியாவே இருக்கும். அதனால டேப் எடுத்து இடுப்பையும் அளந்துருங்க, ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ, பொம்பளைங்களுக்கு 80 செ.மீ தாண்டக்கூடாது.

சரி, எங்க கை வைக்கிறது? என்னைக் கேட்டா எண்ணெய்ல. அரிசியை எல்லாரும் திட்டுவாங்க, எண்ணெயை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஒரு லிட்டர் எண்ணெய்ல கிட்டத்தட்ட 8,200 கலோரி இருக்கு, செக்குல ஆட்டுன நல்லெண்ணெயா இருந்தாலும் ரீஃபைண்டா இருந்தாலும் கலோரி ஒண்ணுதான். நாலு பேர் இருக்கிற வீட்டுல மாசம் நாலு லிட்டர் ஓடுதுன்னா ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது தினமும் ஒவ்வொருத்தரும் எண்ணெய்ல மட்டுமே 270 கலோரி சாப்பிடுறோம். அதைப் பாதியாக்குனா போதும், வேற எதையுமே மாத்தாம மாசத்துக்கு சுமாரா அரை கிலோ கொழுப்புக்கான கலோரி மிச்சமாகும் (ஒரு கிலோ கொழுப்புன்னா தோராயமா 7,700 கலோரி).

பாதியாக்குறது எப்படின்னா, கேன்லருந்தோ கவர்லருந்தோ நேரா சட்டில சாய்க்கிற பழக்கத்தை முதல்ல விடணும். சின்ன கிண்ணத்துல ஊத்தி வச்சு ஸ்பூன்ல எடுங்க. நாலு பேருக்கான பொரியலுக்கு கடுகு உளுந்து வெடிக்க ரெண்டு டீஸ்பூன் போதும், காயைப் போட்டு ரெண்டு கை தண்ணி தெளிச்சு மூடி போட்டா பீன்ஸ், கோஸ், கேரட் எல்லாம் ஆவிலயே வெந்துரும். கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும்தான் எண்ணெய் குடிக்கிற ஆளுங்க, உருளையை வேக வச்சு எடுத்து கடைசில கொஞ்சம் எண்ணெய்ல பெரட்டுனா மொறுமொறுப்பும் வரும் எண்ணெயும் மிச்சம். தோசைக்கு பழைய டெக்னிக்கே இருக்கு, வெங்காயத்தை பாதியா வெட்டி எண்ணெய்ல தொட்டு கல்லுல தேய்க்கிறது, சுத்தி ஊத்தலைன்னாலும் பழகுன கல்லுல தோசை நல்லாவே எழும்பி வரும். அப்பளத்தை பொரிக்காம நெருப்புல சுட்டுக்கலாம். புது கேன் திறக்குற அன்னிக்கு மேல மார்க்கர்ல தேதி எழுதிருங்க, எத்தனை நாள் வருதுன்னு அதுவே சொல்லிரும்.

அடுத்தது தட்டு. நம்ம வழக்கம் என்னன்னா சாம்பாருக்கு ஒரு தடவை சாதம், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, மூணு தடவை போட்டா மொத்தம் எவ்ளோ சாப்பிட்டோம்னு நமக்கே தெரியாது. சாம்பாரையும் விட வேணாம் ரசத்தையும் விட வேணாம், சாதத்தை ஒரே தடவையில மொத்தமா போட்டு தட்டுலயே மூணா பிரிச்சிக்கோங்க. வெந்த சாதம் 100 கிராம்ல 130 கலோரி, ஒன்றரை கப் வச்சா 300 கிட்ட வரும், அது ஒரு மதிய சாப்பாட்டுக்கு தாராளம். அதோட தட்டுல முதல்ல பொரியலை வைங்க, கூட்டை வைங்க, மிச்சம் இருக்கிற எடத்துலதான் சாதம். பாதித் தட்டு காய் இருக்கணும்னா இப்ப வாங்குற காய் பத்தாது, அரை கிலோ பீன்ஸ் வாங்குன வீட்டுல முக்காலாவது வாங்கணும், இது செலவுதான், ஆனா அந்த சியா விதையை விட கம்மி.

புரோட்டீன் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், நம்ம சாப்பாட்டுல ஓட்டை அங்கதான். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன் வேணும், 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். காலைல நாலு இட்லி, மதியம் சாதம் சாம்பார், ராத்திரி தோசை சட்னின்னு போற நாள்ல அது கண்டிப்பா வராது. சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா அது பாத்திரத்துக்கு அடில இருக்கு, மேலாக மோந்து ஊத்துனா வர்றது புளித்தண்ணிதான். நல்லா கலக்கி அடிலருந்து எடுங்க, போடுற பருப்பையும் ஒரு கை கூட்டிக்கோங்க. அதுக்கு மேல, ஒரு முட்டைக்கு 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டலுக்கு 12 கிராம் மாதிரி, ஒரு பெரிய கப் தயிருக்கு 6 கிராம், 30 கிராம் மீல்மேக்கருக்கு 15 கிராம் வரும். அசைவம் சாப்பிடுறவங்க மத்தி, அயிலை மாதிரி மீனை குழம்பா வச்சா அருமை, விலையும் அவ்ளோ இல்ல. வேளைக்கு ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கான்னு பாத்தா போதும், கிராம் எண்ணிட்டு உக்கார வேணாம். கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க மட்டும் டாக்டரை கேக்காம புரோட்டீனை ஏத்தாதீங்க.

இதுல பெரிய லாபம் என்னன்னா சாயங்காலம் அஞ்சு மணி பசி அடங்கும். அந்த நேரம்தான் ஆபத்து. டீக்கடை வாசல்ல பருப்பு வடை அப்பதான் சட்டிலருந்து இறங்கும், பேப்பர்ல வச்சு அமுக்குனா பேப்பரே கண்ணாடி மாதிரி ஆயிரும், அவ்ளோ எண்ணெய். மதியம் ஒழுங்கா சாப்பிட்டவனால தாண்டிப் போக முடியும், "டயட்"னு அரை வயிறு சாப்பிட்டவன் ரெண்டா வாங்குவான். கைல வேகவச்ச வேர்க்கடலை, பொரிகடலை, சுண்டல் ஏதாவது டப்பால இருக்கட்டும். டீயை விட வேணாம், ஆனா எண்ணிக்கோங்க, நாளைக்கு நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 40 கிராம், அதுவே 160 கலோரி. ஒரு நாளைக்கே 25 கிராமோட நிறுத்துறதுதான் நல்லது. ஒரேயடியா நிறுத்துனா டீ குடிச்ச மாதிரியே இருக்காது, வாரம் அரை ஸ்பூனா குறைங்க, நாக்கு தானா பழகிரும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்னு மாத்திக்கிட்டு நிம்மதியா குடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, உடம்பு அதையும் சர்க்கரையாத்தான் பாக்கும்.

சிறுதானியத்துக்கும் இதே கதைதான். கேழ்வரகு, தினை, வரகு எல்லாம் நார்ச்சத்து உள்ள நல்ல சாமான், கேழ்வரகுல கால்சியம் ஏகப்பட்டது, ஆனா கலோரில அரிசிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தினைப் பொங்கல்ல நெய்யை ஊத்தி ரெண்டு தட்டு சாப்பிட்டா வெயிட் ஏறத்தான் செய்யும். காலைல வெந்நீர்ல தேனும் எலுமிச்சையும் குடிச்சா கொழுப்பு கரையும்ங்கிறது சும்மா.

வீட்டுல சமைக்கிற அம்மாக்களுக்கு ஒண்ணு. பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்ச அரை தோசை, கிண்ணத்துல ஒட்டிட்டு இருக்கிற தயிர் சாதம், வேஸ்ட் ஆகுதேன்னு வாய்ல போட்டுக்கிறது எந்த கணக்குலயும் வராது, ஆனா உடம்பு கணக்குல ஏறிரும். பிள்ளைங்களுக்கு வைக்கும்போதே கம்மியா வைங்க, கேட்டா அப்புறம் போட்டுக்கலாம்.

கல்யாணம், காதுகுத்து, ஞாயித்துக்கிழமை பிரியாணி இதுக்கெல்லாம் பயப்பட வேணாம். போங்க, சாப்பிடுங்க. ஒரு வேளை சாப்பாடு ஒருத்தரை குண்டாக்காது, "இன்னைக்கு போச்சு, திங்கக்கிழமைலருந்து பாத்துக்கலாம்"னு மூணு நாள் இழுக்கிறதுதான் ஆக்கும். பந்தில இலை போட்டதும் ஸ்வீட்டு, வடை, அப்பளம், பாயாசம் நாலையும் பாத்து உங்களுக்கு நிஜமா புடிச்சது ரெண்டை வச்சுக்கோங்க. அத்தை "இன்னும் கொஞ்சம் போடுறேன்டா"ன்னு வந்தா கையை இலைக்கு மேல வச்சு மோர் கேளுங்க, மோர் கேட்டுட்டா சாப்பாடு முடிஞ்சுதுன்னு அவங்களே விட்டுருவாங்க.

உடற்பயிற்சி வேணும், ஆனா அதை வச்சு சாப்பாட்டை ஈடு கட்ட நினைக்காதீங்க, அரை மணி நேர நடைல கரையிறது ஒரு வடைக்கு கிட்ட. நடை இதயத்துக்கு நல்லது, ராத்திரி சாப்பிட்டதும் பத்து பதினைஞ்சு நிமிஷம் மொட்டை மாடிலயாவது நடந்தா சுகர் ரொம்ப ஏறாம இருக்கும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் வர்ற மாதிரி பாத்துக்கோங்க. அதோட ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுங்க, சேர்ல உக்காந்து எந்திரிக்கிறது, செவுத்துல கை வச்சு தள்ளுறது இதுலருந்தே ஆரம்பிக்கலாம். இது இல்லாம வெறும் சாப்பாட்டை மட்டும் குறைச்சா கொழுப்போட தசையும் சேந்து போயிரும்.

எடையை வாரம் ஒரு நாள் பாருங்க, காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடாம. தினமும் பாத்தா பைத்தியம் புடிக்கும், முந்தின நாள் ஊறுகாய் ஜாஸ்தியா சாப்பிட்டா, பீரியட்ஸ் வர்ற நேரம்னா, உடம்புல தண்ணி தங்கி ஒரு கிலோ கூட காட்டும். முதல் வாரம் ரெண்டு கிலோ எறங்குனா துள்ளிக் குதிக்காதீங்க, அதுல பெரும்பகுதி தண்ணி. அப்புறம் வாரத்துக்கு அரை கிலோ போனாலே நல்ல வேகம். வேகமா குறைச்சா பித்தப்பைல கல் வர்ற வாய்ப்பு வேற இருக்கு.

சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம சாதத்தை திடீர்னு பாதியாக்கவோ வேளையை விடவோ கூடாது, மருந்து அதே அளவுல இருந்தா சுகர் கீழ போய் மயக்கம் வந்துரும். கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்களும் கேட்டுட்டுதான் பண்ணணும்.

ரெண்டு மூணு மாசத்துல எடை குறையாம ஒரு எடத்துல வந்து நிக்கும். எடை குறைஞ்ச உடம்புக்கு தேவையும் குறைஞ்சிருக்கும், அதோட நம்ம கையும் கொஞ்சம் தாராளமாயிருக்கும், பாதாம் ஒரு கைப்பிடி, தேங்காய் சட்னி ரெண்டு கரண்டின்னு. ஒரு வாரம் சாப்பிடுறதை எல்லாம் போன்ல போட்டோ எடுத்து வைங்க, எங்க ஏறுதுன்னு பளிச்சுன்னு தெரியும். அதுலயும் ஒண்ணும் தப்பு தெரியல, சோர்வா வேற இருக்கு, முடி கொட்டுதுன்னா ஒரு தைராய்டு டெஸ்ட் எடுத்துருங்க, ரத்தம் குடுக்கிறப்பவே ஹீமோகுளோபினும் மூணு மாச சுகரும் சேத்து பாத்துக்கலாம்.