சதுரங்கத்தில் கறுப்பில் ஆடும்போது ஜி5-க்குத் தாவும் குதிரையைச் சமாளிப்பது எப்படி?

வெள்ளைச் சிப்பாய் இ4, உங்கள் சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, உங்கள் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இதுவரை சரி. நீங்கள் இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைக்கிறீர்கள். உடனே எதிராளியின் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. ஆன்லைனில் கறுப்பில் ஆடுகிறவர்களை இந்த அளவுக்கு எரிச்சலூட்டும் தொடக்கம் வேறு இல்லை என்பேன். வேறு காய்களை வெளியே எடுக்காமல் ஒரே குதிரையை இரண்டாம் முறை நகர்த்துகிறாரே, இது நியாயமா என்று தோன்றும். ஜெர்மானிய மேதை டாராஷ் இதைக் கத்துக்குட்டித்தனமான நகர்த்தல் என்று திட்டியே இருக்கிறார். திட்டி என்ன பயன்? எஃப்7 சிப்பாயைக் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கின்றன, காவலுக்கு நிற்பது ராஜா மட்டும். உலக சாம்பியனாக இருந்த பாபி ஃபிஷரே இதை ஆடி ஜெயித்திருக்கிறார்.

காய்கள் எப்படி நகரும், காஸ்லிங் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காயின் பெயர் இல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால், சிப்பாயை அங்கே நகர்த்துவது என்று பொருள்.

படி 1: சிப்பாய் டி5

யோசிக்கவே வேண்டாம். பிஷப்பின் பாதையை அடைக்க வேறு நல்ல வழி இல்லை. எஃப்7-ஐ அப்படியே விட்டுவிட்டு பிஷப்பை சி5-ல் வைக்கும் டிராக்ஸ்லர் ஆட்டம் ஒன்று இருக்கிறது. யூடியூபில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் வெள்ளை குதிரையால் வெட்டாமல் பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டிச் செக் கொடுத்தால் நீங்கள் ஒரு சிப்பாயையும் காஸ்லிங்கையும் இழந்து நிற்பீர்கள். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

வெள்ளை சிப்பாயால் டி5-ஐ வெட்டும்.

படி 2: குதிரை ஏ5

கை தானாக டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டப் போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-ல் பாயும், ராஜா அதை வெட்டும், ராணி எஃப்3-க்கு வந்து செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, பலகையின் நட்டநடுவுக்கு வர வேண்டும். இதுதான் ஃப்ரைட் லிவர் என்ற பிரபலமான தாக்குதல். 1610 வாக்கில் ரோமில் போலேரியோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் ஆடியதாகப் பதிவு இருக்கிறது, நானூறு ஆண்டுகளாக ஆட்களைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு தாக்குப்பிடிக்கலாம் என்று கணினி சொல்லும். ஐந்து நிமிட ஆட்டத்தில் நீங்கள் கணினி இல்லை.

ஆகவே சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் தாக்குங்கள். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று சொல்லித்தந்த ஆசிரியர் இதற்கு மன்னிப்பார்.

படி 3: ஒரு சிப்பாய் போகட்டும்

பிஷப் பி5-ல் செக் கொடுக்கும். நீங்கள் சி6. சிப்பாய் சிப்பாயை வெட்டும். நீங்கள் பி சிப்பாயால் திரும்ப வெட்டுங்கள், குதிரையால் அல்ல. குதிரையால் வெட்டினால் ஒரு சிப்பாய் குறைவு, பதிலுக்கு ஒன்றும் இல்லை. பி சிப்பாயால் வெட்டினாலும் ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் பிஷப் மறுபடி ஓட வேண்டும்.

என்னை நீண்ட நாள் உறுத்தியது இந்த இடம். எட்டாவது நகர்த்தலிலேயே சிப்பாய் குறைவாக நின்றால் அதை மீட்கத்தான் மனம் அலையும். மீட்கப் போகாதீர்கள். பிஷப் இ2-க்குப் போனதும் எச்6, குதிரை எஃப்3-க்குத் திரும்பும். உடனே இ4, குதிரை இ5-க்கு ஓடும். பிஷப்பை டி6-ல் வைத்து அதைத் தாக்குங்கள். இப்போது பலகையை எண்ணிப் பாருங்கள். வெள்ளையின் பத்து நகர்த்தல்களில் குதிரைக்கு நான்கு, பிஷப்புக்கு மூன்று, ஒரே சிப்பாய்க்கு மூன்று. மற்ற காய்கள் எல்லாம் பெட்டியில் அடுக்கியபடியே இருக்கின்றன. அந்தச் சிப்பாய்க்கு நீங்கள் வாங்கிய சரக்கு இந்த நேரம்தான்.

அடுத்து வெள்ளை பெரும்பாலும் டி4 ஆடும். போகிற போக்கில் இ4 சிப்பாயால் வெட்டிவிடுங்கள் (ஆன் பசான்). குதிரை டி3-ல் வெட்டியதும் ராணி சி7. ராணியும் பிஷப்பும் ஒரே கோட்டில் எச்2-ஐப் பார்க்கும். அப்புறம் காஸ்லிங் செய்துகொண்டு தாக்குங்கள்.

பயிற்சிக்கு

லிச்செஸ் என்ற சதுரங்க இணையதளம் போதும், காசு தரத் தேவையில்லை. அதன் தொடக்க ஆட்டத் தரவில் உங்கள் ரேட்டிங் அளவை மட்டும் தேர்ந்து, அந்த மட்டத்தில் ஆட்கள் என்ன ஆடுகிறார்கள் என்று பாருங்கள். நிலையைக் கணக்கிட்டு எண் சொல்லும் எஞ்சினை முதலில் அணைத்து வையுங்கள். வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம் என்ற எண்ணைப் பார்த்தே பாதிப் பேர் இந்த வழியைக் கைவிடுகிறார்கள்.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டவை. எட்டாவதில் பிஷப் ஓடாமல் ராணி எஃப்3-க்கு வந்தால்? சி6 சிப்பாய்க்குப் பின்னால் ஏ8 யானை மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே யானையை பி8-க்கு நகர்த்துங்கள். அதற்குப் பிறகு பிஷப் டி3-க்குப் போனால் எச்6. பேராசைப்பட்டு சி6-ல் பிஷப்பால் வெட்டி, நீங்கள் குதிரையால் வெட்ட, ராணியும் வெட்டிச் செக் கொடுத்தால் எஃப்6 குதிரையை டி7-ல் வைத்து மறையுங்கள். உங்கள் ராணியின் பாதை திறந்து ஜி5 குதிரை தாக்கப்படும்.

ராணி வராமல், எட்டாவதிலேயே பிஷப் இ2-க்குப் பதில் டி3? எச்6 வேண்டாம், குதிரை டி5. இங்கும் ராணி ஜி5-ஐப் பார்க்கிறது. குதிரை எஃப்3 வந்தால் பிஷப் டி6.

ஒன்பதாவதில் குதிரை எச்3-க்குப் போனால்? ஃபிஷர் 1963-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையருக்கு எதிராக ஆடியது அது. அவசரப்பட்டு அதை வெட்டாமல் பிஷப் சி5, பிறகு காஸ்லிங்.

இதெல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது என்கிறவர்கள் மூன்றாவது நகர்த்தலில் குதிரையை எடுக்காமல் பிஷப்பை சி5-ல் வையுங்கள். அடுத்த நகர்த்தலிலேயே குதிரை ஜி5-க்கு வந்தால் ராணியால் வெட்டிக்கொள்ளலாம்.